பத்தொன்பது வருடம் வளையாத அப்பா

சென்ற மாதம் எங்கள் பழைய கலைக்குழுவிலிருந்து நிவேதா போன் செய்தாள். இப்போது குழுவை நடத்துவது அவள்தான். அரியலூரில் இரண்டு நாள் முகாம் வைத்திருக்கிறார்களாம். 'நிகழ்த்துகலை வழியே தன்னை மாற்றிக்கொள்ளுதல்' என்று தலைப்பு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நான் வந்து அரைமணி நேரம் பேச வேண்டும் என்றாள்.

"எனக்குப் பேச வராதும்மா."

"என்னப்பா இப்படிச் சொல்றீங்க? பத்தொம்போது வருஷம் மைக் இல்லாம பேசுனவங்க."

"அது வேற ஆளு."

"அப்ப அந்த வேற ஆளை அனுப்பி வைங்க" என்று சிரித்தாள். பிறகு, "சரி, எழுதியாவது குடுங்க. இந்த வேலையில நீங்க எப்படி மாறுனீங்கன்னு எழுதுங்க. பசங்களுக்கு அதான் வேணும்" என்றாள்.

முகாமில் என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முதல் நாள் காலையில் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பது. அப்புறம் மிக மெதுவாக நடப்பது. சாயங்காலம் மனதில் இருப்பதைப் பேசாமல் உடம்பால் சொல்வது. மெதுவாக நடப்பதை எங்கள் தெரு ரேஷன் கடை வரிசையில் மாதாமாதம் எல்லோரும் செய்கிறோம். யாரும் மாறியதாகத் தெரியவில்லை. ஆனால் இதை நான் நிவேதாவிடம் சொல்லவில்லை. எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். பெரம்பலூரில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் முகம் பார்த்துப் பேச வேண்டிய அவசியமில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள் கலைக்குழுவின் நோட்டீஸ் கட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். அப்பா வேஷம் போடுகிறவர் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். கூட்டம் கூடிவிட்டது. குழுவின் பொறுப்பாளர் ராஜமாணிக்கம் சார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மீசை சொந்தமா?"

"ஆமாங்க சார்."

"அப்ப வா."

அதுதான் நேர்முகத் தேர்வு.

கூச்சம் உள்ளவன் நாடகத்தில் எப்படி நின்றான் என்று பிள்ளைகள் கேட்கலாம். என்னால் ஆட்களின் முகத்தைப் பார்க்க முடியாது. அன்றும் பார்க்க முடியவில்லை. மகளாக நடித்த தனலட்சுமி முன்னால் நின்று அழ, நான் அவளைப் பார்க்காமல் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு, சார் காதில் சொல்லிக் கொடுத்த நான்கு வரியைச் சொன்னேன். கூட்டத்தில் ஒரு அம்மா, "பார்வை மேல ஏறி ஒக்காந்திருக்கு பாரு, எங்க வூட்டு ஆளு மாதிரியே" என்றார். என் கூச்சத்தை அவர்கள் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். சார் தோளில் தட்டி, "இப்படி ஒரு அப்பனைத்தான்யா தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார். மறுவாரம் அச்சக வேலையை விட்டேன்.

பயிற்சி என்று சொல்ல அதிகம் இல்லை. ஒரு மாதம் கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு முகாமில் இருந்தோம். தரையில் உருண்டோம், ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்தோம், கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. தனலட்சுமி என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஆனால் முதல் நாளிலிருந்தே என்னை 'அப்பா' என்றுதான் கூப்பிட்டார். பிறகு குழுவே அப்படிக் கூப்பிட்டது. என் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

எங்கள் நாடகத்தின் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. கதை சின்னது. படிக்க ஆசைப்படும் கல்யாணி என்ற பெண்ணை அப்பா கட்டிக் கொடுத்துவிடுகிறார். அவ்வளவுதான், முடிவு அழுகை. பார்ப்பவர்கள் முகம் வாடி உட்கார்ந்திருக்கும்போது சார் நடுவில் வந்து, "இதே கதையை மறுபடி போடறோம். கல்யாணி வேற மாதிரி பேசியிருக்கலாம்னு யாருக்குத் தோணுதோ அவங்க 'நிறுத்து'ன்னு சொல்லிட்டு வாங்க. வந்து நீங்களே கல்யாணியா நில்லுங்க" என்பார். தனலட்சுமி தன் தோளிலிருக்கும் நீலத் துண்டை எடுத்து வந்தவர் தோளில் போடுவார். துண்டு யார் தோளில் இருக்கிறதோ அவர்தான் கல்யாணி. வந்தவர் என்னோடு வாதாட வேண்டும்.

இதில் இரண்டு விதிகள். கல்யாணியின் இடத்துக்குத்தான் யாரும் வரலாம், அப்பாவின் இடத்துக்கு வரக்கூடாது. இரண்டாவது, அப்பா வளையக்கூடாது. யார் என்ன பேசினாலும், எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் 'சரி' என்று சொல்லக்கூடாது.

ஆரம்பத்தில் எனக்கு இது புரியவில்லை. "நல்லாத்தானே சார் கேக்கறாங்க, ஒரு தடவை ஒத்துக்கிட்டா என்ன?" என்று கேட்டேன்.

சார் சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். திட்டவும் மாட்டார். "அந்தப் பொண்ணு நாளைக்கு வூட்டுல போயி மோதப்போறது உன்கிட்ட இல்லைய்யா. அங்க சுவரு இருக்கு. நீ இங்க மெத்தையா இருந்தீன்னா அவளுக்கு அங்க மண்டை ஒடையும். நீயும் சுவரா இரு. மோதிப் பழகட்டும்" என்றார்.

சாருடைய முறைகள் எல்லாமே அப்படித்தான், மெதுவாக இருக்கும், உள்ளே ஒரு கணக்கு இருக்கும். ஆட்டம் தொடங்குமுன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார், கருவேல முள் கிடக்கும் இடமாக இருந்தாலும். பிறகு கூட்டத்தில் நம்மை யார் அதிகமாக முறைத்துக்கொண்டு நிற்கிறாரோ அவரிடம் நேராகப் போய், தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுப்பார். "அண்ணே, ரெண்டாவது ஆட்டம் இருவது நிமிஷம். ஆனதும் சொல்லிடுங்க, நமக்கு நேரம் போறது தெரியாது." அந்த மனிதர் அதற்குப் பிறகு கலாட்டா செய்ய மாட்டார். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கலாட்டா செய்கிறவர்களைக்கூட அவரே அடக்குவார். ஆட்டம் முடிந்து வேனில் ஏறியதும் சார் எங்களிடம் அன்றைய ஆட்டத்தைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்பார்: "அப்புறம்?" நாம் ஏதாவது சொல்வோம். மறுபடி, "அப்புறம்?" என்பார். நம்மிடம் ஒன்றும் மிச்சமில்லாதபோதுதான் விடுவார்.

நான் நல்ல சுவராக இருந்தேன். இது பெருமைக்காகச் சொல்வதல்ல, எனக்கு வந்த தொல்லைகள் சாட்சி. ஜெயங்கொண்டத்திலிருந்து திரும்பும்போது ஒரு முறை பஸ்ஸில் ஒரு அம்மா பக்கத்து சீட்டில் இடம் இருந்தும் உட்காரவில்லை.

"ஒக்காருங்கம்மா" என்றேன்.

"நீ சும்மா இரு. படிக்கற புள்ளையக் கொண்டுபோயி தள்ளிவுட்ட படுபாவிதானே நீ? எங்கூர்ல பாத்தேன்."

"அது நாடகம்மா."

"நாடகம்னா? உள்ள இருக்கறதுதானே வெளிய வரும்?"

அவர் முந்திரித் தோப்பெல்லாம் தாண்டி நின்றுகொண்டே வந்தார். வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி, "அந்தம்மா விவரமானவங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த வருடம்தான் எங்கள் மகள் அமுதாவைக் கட்டிக் கொடுத்திருந்தோம். பன்னிரண்டாவது முடித்திருந்தாள். டீச்சர் டிரெய்னிங் போகிறேன் என்று கேட்டாள். நல்ல இடம் வந்தது. நான் கலைக்குழுவில் இருக்கிறவன், சட்டம் தெரிந்தவன். பதினெட்டு முடியட்டும் என்று பொறுத்திருந்தேன். முடிந்தது. கூடுதலாக ஒரு மாதமும் பொறுத்தேன், யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்று. கல்யாணத்துக்குக் குழுவே வந்தது. சார் அட்சதை போட்டார். அமுதா நன்றாகத்தான் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். நன்றாக இருப்பது வேறு, கேட்டது வேறு. இதை எழுத எனக்கு இத்தனை வருடமாகியிருக்கிறது.

எங்கள் நாடகம் ஊர் ஊராகப் போனதில் ஒரு பலன் தெரிய ஆரம்பித்தது. பதினெட்டுக்கு முன் கட்டிக் கொடுப்பது தப்பு என்று ஊர்களுக்குப் புரிந்துவிட்டது. அதனால் பதினெட்டு முடிந்த மறுவாரம் கட்டிக் கொடுத்தார்கள். எங்களையே சிலர் பத்திரிகை வைத்து அழைத்தார்கள். சார் யோசித்துவிட்டு நாடகத்தை மாற்றினார். கல்யாணிக்கும் பதினெட்டு முடிந்துவிட்டது, இனி போலீஸ் பேரைச் சொல்லிப் பயமுறுத்த முடியாது. இப்போது அப்பா என்ன பேசுவான் என்று ஒத்திகையில் என்னைக் கேட்டார்.

நான் மேலே பார்த்துக்கொண்டு, "பதினெட்டு முடிஞ்சிடுச்சு. மேல ஒரு மாசமும் பொறுத்தாச்சு. இதுக்கு மேல ஒரு அப்பன் என்னம்மா பண்ணுவான்?" என்றேன்.

சார் துள்ளி எழுந்தார். "எங்கேர்ந்துய்யா புடிச்ச இதை?"

"சும்மா தோணுச்சுங்க சார்."

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். தனலட்சுமி மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் அந்த வசனத்துக்கு ஆண்கள் தலையாட்டினார்கள்.

இனி, பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நாள். எறையூர்ப் பக்கம் ஒரு ஊர், சுற்றிலும் கரும்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோவில் முன்னால் ஆட்டம். கை கட்டிக்கொண்டு முறைத்து நின்ற ஒருவரிடம் சார் கடிகாரத்தைக் கொடுத்தார். அவர் கோவிந்தசாமி, கரும்பு வெட்டுகிறவர்களுக்கு மேஸ்திரி. அவர் பெயர் எங்களுக்கு அப்போது தெரியாது.

இரண்டாவது ஆட்டத்தில் முதலில் மகளிர் குழு அம்மா ஒருவர் வந்தார். போலீஸுக்குச் சொல்வேன் என்றார். "சொல்லு. பதினெட்டு முடிஞ்சிடுச்சு" என்றேன். அவர் துண்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் 'நிறுத்து' என்று ஒரு பெண்ணின் குரல். பதினெட்டு வயது இருக்கும். பள்ளிக்கூடச் சீருடையின் துப்பட்டாவையே சுடிதாருக்குப் போட்டிருந்தாள். பெயர் சுகன்யா என்றாள்.

எங்கள் கல்யாணிக்கு டீச்சராக ஆசை. ஆனால் இவள் துண்டைத் தோளில் வாங்கியதும், "அப்பா, எனக்கு அரியலூர்ல நர்சிங் சீட்டு கெடச்சிருக்கு. அடுத்த திங்கக்கெழமைக்குள்ள சேரணும்" என்றாள்.

கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. இது கல்யாணி கதை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. விதியும் தெரியும்.

"சீட்டு கெடச்சிருக்கா? மாப்பிள்ளையுந்தான் கெடச்சிருக்கான். அடுத்த வருஷம் எது காத்துக்கிட்டு இருக்கும்?"

"மூணே வருஷம்ப்பா. அப்புறம் நீங்க காட்டற எடத்துல கழுத்தை நீட்டறேன்."

"மூணு வருஷம் ஊரு வாயை யாரு மூடறது? நீயா, உங்கம்மாவா?"

"நாளைக்கு நீங்க ஒடம்பு முடியாம படுத்தா ஒரு ஊசி போட ஆளு வேணாமாப்பா?"

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "மக கையால ஊசி போட்டுக்கிட்டுப் பொழைக்கற அளவுக்கு நான் இன்னும் போயிடல" என்றேன். ஆண்கள் பக்கம் கைதட்டினார்கள்.

அவள் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நான் என்னப்பா சொன்னா நீங்க கேப்பீங்க?"

எத்தனையோ பேர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள், கெஞ்சியிருக்கிறார்கள், ஒரு பாட்டி மண்ணை வாரி வீசியிருக்கிறார். இதை யாரும் கேட்டதில்லை. எனக்கு இதற்கு வசனம் இல்லை. வளையக்கூடாது என்று விதி இருக்கிறதே தவிர, இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று விதியில் இல்லை. நான் கோவில் கோபுரத்துக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். காகம் ஒன்றுகூட இல்லை.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், இருவது நிமிஷம் ஆயிடுச்சு."

அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வேனில் சார், "சுவரா நின்னய்யா இன்னைக்கு" என்றார்.

தனலட்சுமி, "சார், கடியாரம் வெச்சிருந்தவருதான் அந்தப் பொண்ணோட அப்பா. பக்கத்துல நின்ன பொம்பளைங்க சொன்னாங்க. வெள்ளிக்கெழமை நிச்சயமாம்" என்றார்.

சார் தன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். கடிகாரம் அந்த ஊரிலேயே இருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, "நம்ம வேலை அவளைப் பேச வைக்கறது. பேசிட்டா" என்றார்.

"அப்புறம் சார்?" என்றேன். அவரிடம் அதைக் கேட்டது அன்று ஒரு முறைதான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதன்கிழமை மத்தியானம் மேஸ்திரி பெரம்பலூருக்கு எங்கள் ஆபீஸைத் தேடி வந்தார். நான் மட்டும்தான் இருந்தேன். கடிகாரத்தை ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். அவர் உட்காரவில்லை.

"வாங்க, ஒரு டீ குடிப்போம்" என்று அவர்தான் கூப்பிட்டார்.

எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு பேருமே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அது எனக்கு வசதியாக இருந்தது.

"நல்லா பேசுனீங்க அன்னைக்கு. நான் என்ன நெனச்சனோ அதையே அச்சு மாதிரி பேசுனீங்க."

"நாடகங்க அது."

"தெரியுது. ஆனா எம் பொண்ணு அதுக்கு முன்னாடி எங்கிட்ட இதெல்லாம் பேசுனதே இல்ல. சீட்டு கெடச்சிருக்குன்னுதான் சொன்னா. நான் அதெல்லாம் வேணாம்னேன். சரிப்பான்னுட்டுப் போயிட்டா. இவ்வளவு பேசுவான்னே தெரியாதுங்க. அதையும் உங்ககிட்டல்ல பேசறா? கேட்டுக்கிட்டு நின்னது நானு."

டீ வந்தது. அவர் குடிக்கவில்லை.

"இப்பவும் பேசறதில்ல. சோறு போடறா, துணி தொவைக்கறா, சிரிக்கக்கூடச் செய்யறா. அதான் எனக்குப் பொறுக்க மாட்டேங்குது." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரு வார்த்தை கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அவ அவ்வளவு கேட்டாளே, நீங்க ஒரே ஒரு தடவை சரின்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லக்கூடாதுங்க. எங்க விதி அது."

"என்னங்க விதி? நீங்க சொல்லியிருந்தீங்கன்னா, நாடகத்துல அந்தாளே சொல்லிட்டான், நமக்கென்னன்னு நானும் சொல்லியிருப்பேன். ஊரும் பாத்த மாதிரி இருந்திருக்கும். இப்ப எங்கூர்ல மொத ஆளா நான்ல சொல்லணும்? எங்கப்பாரு எங்கக்காகிட்ட சொன்னதில்ல. அண்ணன் சொன்னதில்ல. எப்படிச் சொல்றதுன்னு யாரைப் பாத்துத் தெரிஞ்சுக்கறது?"

"சரின்னு சொல்ல என்னங்க இருக்கு? சரின்னா சரிதானே?"

"என்ன இருக்கா? சரின்னு சொல்லிப்புட்டு அப்புறம் என்ன பண்றது? எந்திரிச்சுப் போயிடறதா? அங்கயே ஒக்காந்திருக்கறதா? அவ அழுதா என்ன பண்றது? எம் பொண்டாட்டி என் மூஞ்சியப் பாப்பா. நான் எங்க பாக்கறது?"

பத்தொன்பது வருடத்தில் என்னிடம் யாரும் கேட்ட கேள்விகளிலேயே தொழில் சம்பந்தமான கேள்வி இதுதான். 'முடியாது' என்று சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் எப்படித் திரும்ப வேண்டும், துண்டை எப்படி உதற வேண்டும், எல்லாம் தெரியும். 'சரி'யை நான் ஒத்திகைகூடப் பார்த்ததில்லை.

"பண்ணிப் பாப்போமா?" என்றேன். எனக்கே ஆச்சரியம்தான்.

"இங்கயா?"

"நீங்க பொண்ணு. நான் அப்பா."

மேஸ்திரி கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் எங்களைக் கவனிக்கவில்லை. மேஸ்திரி வேட்டியைச் சரி செய்துகொண்டு, எங்கள் தனலட்சுமி ஒருநாளும் கொண்டுவராத பயத்தோடு, தரையைப் பார்த்துச் சொன்னார்: "அப்பா, நான் படிக்கப் போறேன்ப்பா."

அமுதாவும் இதே சொற்களைத்தான் சொன்னாள். நான் அப்போது செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

எனக்கு வாய் வரவில்லை. மேஸ்திரி காத்திருந்தார். மறுபடி சொன்னார். அப்போதும் வரவில்லை.

"ரொம்ப நேரம் எடுத்துக்கறீங்க. எம் பொண்ணு இவ்வளவு நேரம் நிக்காது. உள்ள போயிடும்" என்றார்.

மூன்றாவது முறைதான் சொன்னேன். "சரி. போயிட்டு வா." சொன்ன பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் டீ கிளாஸை எடுத்தேன், அது காலியாக இருந்தது. இரண்டு பேரும் அந்த அமைதியைத் தாங்க முடியாமல் திண்டாடினோம். சிக்கல் அந்த இடத்தில்தான் என்று அப்போது பிடிபட்டது. 'சரி'கூடக் கஷ்டமில்லை. அதற்கு அடுத்த நிமிடம்தான் கஷ்டம்.

"சொன்ன ஒடனே ஒரு வேலை சொல்லிடணுங்க" என்றேன். "தண்ணி கொண்டான்னு சொல்லிடுங்க. அவங்க உள்ள போவாங்க. வர்றதுக்குள்ள நம்ம மூஞ்சி சரியாயிடும்."

மேஸ்திரி யோசித்தார். "அது ஆவும்" என்றார். பிறகு இடம் மாறினோம். நான் பெண்ணாகக் கேட்டேன், அவர் அப்பாவாகச் சொன்னார். முதல் தடவை 'சரி' என்பதைத் திட்டுவது போலச் சொன்னார். இரண்டாவது தடவை 'சரி'யை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் கேட்டார். நாலைந்து தடவையில் ஓரளவு வந்தது. கடைக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பெஞ்சில் டொக்கென்று வைத்தார். "எத்தனை தடவைதான்யா கேப்பீங்க?"

போகும்போது மேஸ்திரி, "உங்க பொண்ணு என்னங்க படிச்சிருக்கு?" என்று கேட்டார்.

"பன்னெண்டாவதோட கட்டிக் குடுத்துட்டேங்க."

அவர் இன்னொரு டீ சொன்னார், எனக்கு மட்டும்.

மறுநாள் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விதியை மீறியதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சார் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே கேட்டார். அன்றாவது திட்டுவார் என்று நின்றேன். அவர் வாரை மாட்டி முடித்துவிட்டு, "எந்திரிச்சுப் போகச் சொன்னியா, ஒக்காரச் சொன்னியா?" என்றார்.

"ஒக்காந்தே இருக்கச் சொன்னேங்க சார். தண்ணி கேக்கச் சொன்னேன்."

"ம்" என்றார். அதற்குப் பிறகும் விதி மாறவில்லை. நானும் ஓய்வு பெறும் வரை வளையவில்லை. ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு நான் வேனில் ஏறாமல், ஆண்கள் நிற்கும் பக்கமாகப் போய் நிற்க ஆரம்பித்தேன். சில ஊர்களில் யாராவது ஒருவர் டீ சாப்பிடலாமா என்று கேட்பார். பல ஊர்களில் யாரும் கேட்க மாட்டார்கள். இதையெல்லாம் குழுவின் அறிக்கைப் படிவம் எதிலும் எழுதியதில்லை.

இப்போது எனக்கு ஐம்பத்தைந்து. தொண்டையில் முடிச்சு விழுந்துவிட்டது, இனிமேல் சத்தம் போட்டால் குரலே போய்விடும் என்று திருச்சி டாக்டர் சொன்னதால் நின்றுவிட்டேன். என் மனைவிக்கு அதில் ஒரே சிரிப்பு. "வூட்டுல ஒரு நாள் கத்தியிருப்பீங்களா? எல்லாத்தையும் ஊர் ஊராப் போயி செலவழிச்சுட்டு வந்திருக்கீங்க" என்றாள். நான் மாறினேனா என்று அவளிடம் கேட்டேன். முன்பெல்லாம் கேட்டால் பதில் வராது, இப்போது ஒரு நாள் கழித்தாவது வருகிறது என்றாள். நிவேதாவின் முகாமுக்கு இது போதுமா என்று தெரியவில்லை.

சுகன்யா என்ன ஆனாள் என்று கேட்பார்கள். வெள்ளிக்கிழமை முழுக்க எனக்கு ஒரு தகவலும் இல்லை. ஆபீஸ் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறும் இல்லை. நிச்சயம் நடந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. எங்கள் நோட்டீஸில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தாள். பின்னால் பஸ் சத்தம்.

"அன்னைக்கு அப்பாவா நின்னவங்களா? நான் சுகன்யா பேசறேங்க. அரியலூர் போயிட்டிருக்கேன். சேரப் போறேன்."

"நிச்சயம் என்னாச்சும்மா?"

"வியாழக்கெழமையே அப்பா போயி வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டாரு. அவங்க வூட்டுல ஒரே சத்தம். எங்க பெரியப்பா பேசறதே இல்ல. ஊர்ல கேட்டா அப்பா, நாடகக்காரங்க மனசக் கெடுத்துட்டாங்கன்னு உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டிருக்காரு."

"சொல்லட்டும்மா. அப்பா உங்கிட்ட என்ன சொன்னாரு?"

"புதங்கெழமை சாயங்காலம் வந்தாரு. நான் ஒண்ணுமே கேக்கல. அவரா, சரி போயிட்டு வா, தண்ணி கொண்டான்னாரு. எதுக்குச் சரின்னு ஒரு நிமிஷம் புரியல. புரிஞ்சதும் ஒண்ணும் பேசாம போயி தண்ணி கொண்டாந்துட்டேன். திருப்பிக் கேட்டா மாத்திச் சொல்லிடுவாரோன்னு பயமா இருந்துச்சு." குரலைத் தாழ்த்தினாள். "இப்பவும் பக்கத்துலதாங்க ஒக்காந்திருக்காரு. வூட்டுலேர்ந்து கெளம்புனதுலேர்ந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. தண்ணி மட்டும் கேட்டுக்கிட்டே இருக்காரு. நாலாவது பாட்டிலுங்க."

"குடும்மா" என்றேன். "கேக்கறப்பல்லாம் குடு."